வராத திருகாணி

"அதை அந்தப் பக்கம் வைங்க தம்பி," என்று மட்சுயே அம்மாள் மருயாமாவின் கையிலிருந்த வைக்கோல் செருப்பைத் தள்ளிவிட்டாள். "வைக்கோல் செருப்பா? இந்த மனுஷன் பனியில நடந்து போய் நீங்க பார்த்திருக்கீங்களா?"

மருயாமா சவ ஏற்பாடுகள் செய்கிறவர். ஐம்பது வயதைத் தாண்டியவர். அப்போதுதான் மட்சுயேயின் இறந்துபோன கணவர் சடாவோவின் கெண்டைக்காலில் வெள்ளைத் துணியைச் சுற்றி, உயிரோடு இருப்பவர்களுக்குக் கட்டுவதற்கு நேர்மாறாக முடிச்சுப் போட்டு முடித்திருந்தார். செருப்பை மடியில் வைத்துக்கொண்டு, கோபம் வராத குரலில் சொன்னார்.

"வழக்கம்மா. போற தூரம் பெரிசு. நடந்துதான் போகணும்னு..."

"நடக்கணும்னா அவரு போகவே மாட்டாரு. பாதி வழியில உக்காந்துக்குவாரு. அப்புறம் நான் போய் எழுப்பணும்."

கால்மாட்டில் ஈரத்துணியோடு உட்கார்ந்திருந்த மகள் இசுமிக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பதற்கும் தெம்பு வேண்டும் என்று தோன்றி அதை விட்டுவிட்டாள். அன்று காலை ஐந்தே காலுக்கு அப்பாவின் மூச்சு நின்றபோது அவள் பதினான்கு பேருக்கு அரிசி களைந்துகொண்டிருந்தாள். அம்மா வந்து வாசலில் நின்றாள். இசுமி உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து, மிச்ச அரிசியையும் களைந்து அடுப்பில் வைத்தாள். பிப்ரவரி மாதம், வார விடுமுறை, அவர்கள் வீட்டோடு நடத்தும் தங்கும் விடுதியின் ஏழு அறையும் நிரம்பியிருந்தது. தங்க வந்தவர்களிடம் சொல்லவில்லை. சொன்னால் ஒருவருக்கும் முட்டை தொண்டையில் இறங்காது. டாக்டர்கூடப் பின்வாசல் வழியாகத்தான் வந்து போனார்.

"அவரோட ஸ்கீ பலகைய வைங்க," என்றாள் மட்சுயே. "அதுல போகட்டும்."

"ஸ்கீயில இரும்பு இருக்கும்மா. பிளாஸ்டிக், கார்பன் எல்லாம் இருக்கும். சுடுகாட்டு அடுப்புல விடமாட்டாங்க. வெடிக்கும்."

"மரம்னா?"

மருயாமா கொஞ்ச நேரம் யோசித்தார். சின்ன வயதில் அவரும் சடாவோவிடம் பனிச்சறுக்கு கற்றவர்தான். இந்த ஊரில் கற்காதவர் யார்? "அந்தப் பழைய மரப்பலகையா? இன்னும் இருக்கா?"

"உத்தரத்துல தொங்குது."

"மரம்னா கேட்டுப் பாக்கலாம். ஆனா அதுலயும் ஓரத்துல இரும்புப் பட்டை உண்டே. மொத்தத்தையும் கழட்டணும். ஒரு குண்டூசி அளவு இரும்பு இருக்கக் கூடாது. அப்புறம் பெட்டிக்கு நீளம் ஜாஸ்தி, அறுக்கணும்." எழுந்து தாழ்வாரத்துக்குப் போய் யாருக்கோ போன் செய்துவிட்டு வந்தார். "சரின்னுட்டாங்க. நாளைக்கு துணை இழுக்கிற நாள், சுடுகாடு லீவு. நாளன்னிக்குக் காலைல பத்து மணிக்குத்தான். அதுக்குள்ள முடிச்சுருவீங்களா?"

துணை இழுக்கும் நாளில் எரித்தால் போகிறவர் தனியாகப் போகமாட்டார், கூட ஒருவரை இழுத்துக்கொண்டு போவார். அதனால் அப்பாவுக்கு வீட்டில் ஒரு நாள் கூடுதலாகக் கிடைத்தது. இசுமிக்கு ஒரு வேலை கூடுதலாகக் கிடைத்தது. யார் கழட்டுவது என்று யாரும் கேட்கவில்லை. அந்த வீட்டில் அப்படிக் கேட்கும் பழக்கம் கிடையாது. எல்லோர் கண்ணும் ஒருமுறை இசுமி பக்கம் திரும்பும், அவ்வளவுதான்.

மறுநாள் தங்கியிருந்தவர்கள் ஒன்பது மணிக்கு மலைக்குப் போனார்கள். ஏழு அறைகளின் படுக்கைகளையும் மடித்து, குளியலறை கழுவி, பொது அறையில் சிந்திய காப்பியைத் துடைத்து, அப்பாவின் தலைமாட்டில் ஊதுபத்தி மாற்றிவிட்டு, பதினொரு மணிக்கு இசுமி கீழே உலர்த்தும் அறைக்கு இறங்கினாள். ஈரக் காலணிகளும் கையுறைகளும் இரவெல்லாம் காயும் அறை அது. மெழுகு வாசனையும் கால்வியர்வை வாசனையும் கலந்து நாற்பது வருடமாக அங்கேயே குடியிருந்தன. ஸ்டூல் போட்டு ஏறி உத்தரத்திலிருந்து பலகைகளை இறக்கினாள். இரண்டு மீட்டருக்கும் மேல் நீளம். நுனியில், பழுக்கக் காய்ச்சிய கம்பியால் சுட்டு எழுதிய அப்பாவின் பெயர். அப்போது அவருக்கு வயது பதினெட்டு. கோணல்மாணலான எழுத்து.

அடிப்பக்கத்தைத் திருப்பினாள். பக்கத்துக்குப் பத்து இரும்புப் பட்டைகள். ஒவ்வொரு பட்டையிலும் ஆறு திருகாணிகள். இரண்டு பலகை, நாலு பக்கம். கணக்குப் போட்டுப் பார்க்காமலிருந்திருக்கலாம். இருநூற்று நாற்பது.

முதல் திருகாணி எளிதாக வந்தது. இரண்டாவதும் வந்தது. மூன்றாவது துருவில் ஒட்டிக்கொண்டு நாலு நிமிடம் எடுத்துக்கொண்டது.

மூன்றாவது பட்டையைக் கழட்டும்போது தம்பி ஹிசாஷி படியிறங்கி வந்தான். முந்தின நாள் மதிய ரயிலில்தான், வேலை பார்க்கும் சைத்தாமாவிலிருந்து வந்திருந்தான். கருப்பு டை சட்டைப்பையிலிருந்து பாதி தொங்கிக்கொண்டிருந்தது. காலணி போடும் பெஞ்சில் உட்கார்ந்து, அக்கா செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, இதை எரிக்கத்தான் வேணுமா?"

"அம்மா சொல்லிட்டாங்க."

"அம்மா சொல்வாங்க. அப்பாவோட ஞாபகம்னு வேற என்ன இருக்கு? வாசல் ஹால்ல சுவத்துல குறுக்கால மாட்டினா எவ்வளவு நல்லாருக்கும். வர்றவங்க பாப்பாங்க."

"யாரு தூசி தட்றது?"

"என்னக்கா நீ..."

"சொல்லு. மாட்டிட்டு நீ காரியம் முடிஞ்சதும் ரயிலேறிடுவ. பாட்டுப் போட்டியில தோத்த மாதிரி மூஞ்சிய வச்சுக்காத. இந்தா, இன்னொரு திருப்புளி இருக்கு. அந்தப் பலகைய எடு."

ஹிசாஷி எடுத்தான். அவன் பள்ளி நாட்களில் மாநிலப் பனிச்சறுக்குப் பந்தயங்களில் மூன்று முறை ஜெயித்தவன். அந்தக் கோப்பைகளை மட்டும் வாசல் ஹாலில் வைத்திருந்தார்கள். அவற்றின் தூசியை இசுமிதான் தட்டினாள். இப்போது அவனுக்குத் தொப்பை விழுந்துவிட்டது. குனிந்தால் மூச்சு வாங்கியது.

"ஞாபகமிருக்கா?" என்றான் கொஞ்ச நேரம் கழித்து. "கடைசி நாள் ஓட்டம்."

ஞாபகமில்லாமல் என்ன. ஒவ்வொரு வருடமும் மார்ச் முடிவில், மலையேற்றும் லிஃப்ட் அந்தப் பருவத்துக்கு நிற்கும் நாளில், நாலு பேரும் உச்சியிலிருந்து ஒரே தடத்தில் இறங்குவார்கள். முன்னால் அப்பா, அவர் போட்ட கோட்டில் ஹிசாஷி, அதற்குப் பின் இசுமி, கடைசியில் அம்மா. விழுந்த கையுறை, கழன்ற தொப்பி, அழுகிற பிள்ளை எல்லாவற்றையும் பொறுக்கிக்கொண்டு வருவது அம்மாவின் வேலை. பாதியில் காட்டோரம் நின்று அரிசி உருண்டை தின்பார்கள். அப்பா மலையைப் பார்ப்பார். "இன்னும் எட்டு மாசம்" என்பார். ஏதோ அந்த மலை ஊருக்குப் போகிற மாதிரி.

ஹிசாஷி ஊரைவிட்டுப் போனான். அம்மாவின் முட்டி போனது. இசுமியும் அப்பாவும் மட்டும் இறங்கினார்கள். பிறகு ஒரு வருடம் அந்த நாளில் குழாய் வெடித்தது. அடுத்த வருடம் ஒரு பள்ளிக்கூடம் மொத்தமாக வந்து தங்கியது. அதற்கடுத்த வருடம் காரணம் எதுவும் இருக்கவில்லை. அசதி மட்டும் இருந்தது. அப்படியே ஒன்பது வருடம். மலையடிவாரத்தில் குடியிருந்துகொண்டு அவள் பலகையில் கால் வைக்கவில்லை. ஊர்க்காரர்கள் கேலி செய்வார்கள். மீன்கடைக்காரனுக்கு மீன் பிடிக்காது என்பார்கள். அப்பா கேலி செய்ததில்லை.

போன மார்ச்சில் மட்டும் கேட்டார். எண்பது வயது. மதியச் சூப்பைக் குடித்துக்கொண்டே, கிண்ணத்தைப் பார்த்துக் கேட்பார். "மேல பனி நல்லாருக்கு இன்னிக்கு. ஒரே ஒரு ஓட்டம். வர்றியா?"

"நாளைக்குப் பாக்கலாம்ப்பா."

பொய் இல்லை. படுக்கை விரிப்புகள் இருந்தன, துவைக்க வேண்டும். மறுநாளும் கேட்டார். மறுநாளும் விரிப்புகள் இருந்தன. இருபது நாட்களுக்கு மேல் கேட்டார். லிஃப்ட் நின்ற நாளன்று அவர் தனியாகப் போய்விட்டு வந்தார். அவருடைய கோட்டைத் துவைக்க எடுத்தபோது பையில் ஒரு அரிசி உருண்டை இருந்தது, இலையோடு, கடிக்காமல். இரண்டு எடுத்துப் போயிருந்தார். மே மாதம் கணையத்தில் புற்றுநோய் என்று சொன்னார்கள்.

"அக்கா, எங்க பாத்துட்டிருக்க?"

"ஒண்ணுமில்ல. இந்தத் திருப்புளி பெரிசு. அப்பா பெட்டியில சின்னது இருக்கும்."

மெழுகு மேஜைக்குக் கீழே குனிந்தாள். பெட்டிக்குப் பின்னால் சுவரோரம் பழைய போர்வை சுற்றி ஏதோ நின்றிருந்தது. இழுத்தாள். அவளுடைய பலகைகள். சிவப்பு நிறம் வெளுத்து ரோஜா நிறமாகியிருந்தது. அவள் அவற்றைக் கடைசியாக எங்கே வைத்தாள் என்பதுகூட அவளுக்கு ஞாபகமில்லை. ஒன்பது வருடத்தில் ஓரங்கள் துருப்பிடித்து அடிப்பக்கம் சுண்ணாம்பாய் வெளிறியிருக்க வேண்டும். திருப்பிப் பார்த்தாள். ஓரங்கள் மினுங்கின. அடிப்பக்கம் முழுக்க மெழுகு. உருக்கி ஊற்றி, இஸ்திரிப்பெட்டியால் இழுத்து, தடிமனாக, வழிக்காமல் விட்டிருந்தது.

கோடையில் பலகை காய்ந்துபோகாமலிருக்க வசந்தத்தில் அப்படிப் பூசி வைப்பார்கள். குளிர்காலத்தில் முதல்முறை இறங்குவதற்கு முன் அதை வழித்தெடுக்க வேண்டும். வழிக்காத பலகை நகராது. அந்த வீட்டில் எல்லோருடைய பலகைக்கும் மெழுகு பூசுவது அப்பா. வழிப்பது மட்டும் அவரவர் வேலை. யாருக்கும் அவர் வழித்துக் கொடுத்ததில்லை, ஹிசாஷியின் பந்தய நாட்களில்கூட.

பூசியது ஏப்ரலாக இருக்க வேண்டும். அதாவது, அவள் வராமல் போன பிறகு.

இசுமி மெழுகின்மேல் கட்டைவிரல் நகத்தை வைத்தாள். ஒரு வெள்ளைக் கோடு விழுந்தது. போர்வையைப் பழையபடி சுற்றிச் சுவரோரம் நிறுத்திவிட்டு, சின்னத் திருப்புளியை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"கிடைச்சுதா?" என்றான் ஹிசாஷி.

"ம்."

மூன்று மணிக்கு இருநூற்று முப்பத்தொன்பது திருகாணிகள் பழைய பிஸ்கட் டப்பாவில் கிடந்தன. கடைசி ஒன்று வலது பலகையின் நுனியில், வளைவுக்குக் கீழே இருந்தது. அதன் தலை தேய்ந்து வழவழத்துப் போயிருந்தது. திருப்புளி அதில் நிற்காமல் வழுக்கியது. ஹிசாஷி குறட்டால் முயன்று விரலைக் கிழித்துக்கொண்டான். மருந்து போட மேலே போனான். இசுமி எண்ணெய் விட்டாள், தட்டினாள், சுத்தியலின் பின்புறத்தால் நெம்பினாள். பட்டை மட்டும் உடைந்து வந்தது. திருகாணி மரத்துக்குள் ஆழமாக, அசையாமல் இருந்தது. மேலே மாடியில் யாரோ ஈரக் காலணியோடு நடக்கும் சத்தம் கேட்டது. மலைக்குப் போனவர்கள் திரும்பத் தொடங்கிவிட்டார்கள். குளியல் தண்ணீரைச் சூடு பண்ண வேண்டும். முள்ளங்கி இன்னும் நறுக்கவில்லை. அவள் அந்தத் திருகாணியைப் பார்த்தாள். கட்டைவிரலால் அதன்மேல் கொஞ்சம் மெழுகை அமுக்கித் தேய்த்தாள். மரத்தின் நிறத்துக்கு வந்துவிட்டது.

அறுக்கும் நேரத்தில் அம்மா வந்து நின்றாள், ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு. ஹிசாஷி பலகையின் நுனிப்பக்கம் ரம்பத்தை வைத்தான்.

"டேய், டேய்! எங்க வைக்கிற? முன்வளைவ வெட்டினா பனியில குத்திக்கிட்டுத் தலைகுப்புற விழுவாரு. வால்பக்கம் அறு."

"அம்மா, அவரு..."

"எனக்குத் தெரியும் அவரு என்னன்னு. வால்பக்கம் அறுன்னா அறு. மூணு கோப்பை வாங்கினவனுக்கு இதுகூடத் தெரியல."

ஹிசாஷி வால்பக்கம் அறுத்தான். முழ நீளத்தில் இரண்டு துண்டுகள் தரையில் விழுந்தன. அவன் அவற்றைத் தன் பையில் வைத்துக்கொண்டதை இசுமி பிறகுதான் பார்த்தாள்.

மறுநாள் காலை எட்டரைக்கு மருயாமா வந்தார். பெட்டியை மூடுவதற்கு முன் பலகைகளை ஒவ்வொன்றாகக் கையில் வாங்கி ஓரத்தைத் தடவிப் பார்த்தார். திருகாணி போன இடமெல்லாம் சின்னச் சின்னத் துளைகள், வரிசையாக, தையல் பிரித்த துணி மாதிரி.

"எல்லாம் எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சு," என்றாள் இசுமி.

"இவ்வளவையும் ஒரே நாள்ல... கை வலிச்சிருக்குமே."

"வலிக்கல."

நுனி கால்பக்கம் இருக்கும்படி இருபுறமும் வைத்தார்கள். வெள்ளைத் துணி சுற்றிய பாதங்களுக்குப் பக்கத்தில் இரண்டு மரவளைவுகள் எழுந்து நின்றன. வைக்கோல் செருப்பையும் மருயாமா ஓரமாக ஒரு மூலையில் செருகினார். மட்சுயே அதைப் பார்த்துவிட்டுப் பார்க்காதவள்போல இருந்தாள். "லிஃப்ட் வரைக்கும் நடக்கணும்ல," என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

கீழ் டவுனில் இருக்கும் சுடுகாட்டுக்குப் போகும் வழியெல்லாம் பனி பெய்தது. காரின் துடைப்பான்கள் இடமும் வலமுமாக ஆடிக்கொண்டே இருந்தன. இசுமி தூங்கிவிட்டாள். அம்மா எழுப்பியபோது வாயோரம் எச்சில் வழிந்திருந்தது. காத்திருக்கும் அறையில் பெட்டிச் சாப்பாடு கொடுத்தார்கள். முழுவதையும் தின்றாள். யாரோ சமைத்த சோற்றை உட்கார்ந்து தின்று எத்தனை நாள் ஆகிவிட்டது என்று நினைத்தாள். அப்படி நினைத்ததற்காக வெட்கப்பட்டாள்.

ஒன்றரை மணிநேரம் கழித்துக் கூப்பிட்டார்கள். இரும்புத் தட்டில் அப்பா வெள்ளையாக, லேசாக, படுத்திருந்த வரிசையிலேயே இருந்தார். பலகைகள் இருந்த சுவடே இல்லை. வெள்ளைக் கையுறை போட்ட பணியாள் எல்லோருக்கும் நீளக் குச்சிகள் கொடுத்தான். காலிலிருந்து தொடங்க வேண்டும். அப்போதுதான் சாடிக்குள் அவர் தலைகீழாக இல்லாமல் நிற்பார். இரண்டு இரண்டு பேராக, ஒரே எலும்பை இரண்டு ஜோடிக் குச்சிகளால் சேர்ந்து எடுக்க வேண்டும். சின்ன வயதில் சாப்பாட்டு மேஜையில் அக்காவும் தம்பியும் ஒரே மீன்துண்டைக் குச்சியால் பிடித்துவிட்டால் அம்மா இருவர் கையிலும் அடிப்பாள், எலும்பு பொறுக்குகிற மாதிரி செய்யாதே என்று. இப்போது அம்மாதான் இருவரையும் முதுகில் தள்ளினாள். "ம், நீங்க ரெண்டு பேரும் எடுங்க."

இசுமியும் ஹிசாஷியும் குனிந்தார்கள். கால்விரல் எலும்புகளுக்குப் பக்கத்தில், சாம்பலில், கருப்பாகச் சின்னதாக ஒன்று கிடந்தது. அரிசியைவிடக் கொஞ்சம் பெரிது. சுற்றிலும் புரி தெரிந்தது.

ஹிசாஷி அதைப் பார்த்தான். பிறகு அக்காவைப் பார்த்தான். பிளாஸ்திரி ஒட்டியிருந்த அவன் விரல் குச்சியின்மேல் இறுகியது.

"எல்லாம் எடுத்துட்டேன்னு சொன்னியே," என்றான் மெதுவாக.

"ஒண்ணு வரல."

பணியாள் எட்டிப் பார்த்தான். "மன்னிக்கணும், அது எலும்பு இல்ல. நான் எடுத்துடறேன்..."

"தெரியும்," என்றாள் இசுமி.

குச்சியை நீட்டினாள். ஹிசாஷி தன் குச்சியை அந்தப் பக்கத்திலிருந்து கொண்டுவந்தான். முதல்முறை நழுவியது. இரண்டாம் முறை பிடிபட்டது. இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டு, சின்ன வயதில் சூப் கிண்ணத்தைச் சிந்தாமல் கொண்டுபோவதுபோல, அடி அடியாக நகர்ந்து அதைச் சாடிக்குள் போட்டார்கள். அடியில் டக் என்று ஒரு சத்தம். மருயாமா கைகளைக் கட்டிக்கொண்டு கூரை விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். பணியாள் அவரைப் பார்த்தான். அவர் கண்ணை இறக்கவில்லை. அவன் அடுத்த எலும்பைக் காட்டினான்.

வீடு வந்து சேர்ந்தபோது மணி நாலு. பனி நின்றிருந்தது. சாடியை அப்பாவின் படத்துக்கு முன்னால் வைத்து ஊதுபத்தி ஏற்றினார்கள். ஹிசாஷி கருப்புக் கோட்டைக்கூடக் கழற்றாமல் வாசலில் பனி அள்ளப் போனான். தங்கியிருந்தவர்கள் மலையிலிருந்து இன்னும் இறங்கவில்லை. ஒலிபெருக்கியில் கடைசி லிஃப்டுக்கான பாட்டு தூரத்தில் கேட்டது.

இசுமி ஏப்ரனைக் கட்டிக்கொண்டாள். முள்ளங்கி எடுக்கக் கீழே போனாள். முள்ளங்கிக் கூடை உலர்த்தும் அறைக்கு எதிரே இருந்தது. அதன்முன் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு உலர்த்தும் அறைக்குள் போய், போர்வையை அவிழ்த்து, சிவப்புப் பலகை ஒன்றை மெழுகு மேஜைமேல் குப்புற வைத்தாள். அப்பாவின் வழிக்கும் தகடு ஆணியில் தொங்கியது. அதன் ஒரு மூலை அவர் பிடித்துப் பிடித்து உள்வாங்கியிருந்தது. அதில் கட்டைவிரலை வைத்து, நுனியிலிருந்து வால்வரை ஒரே இழுப்பாக இழுத்தாள். மெழுகு மெல்லிய சுருளாக எழும்பி, வளைந்து, தரையில் விழுந்தது. இன்னொரு இழுப்பு. நேற்று நகத்தால் போட்ட கோடு போய்விட்டது.

படியில் அம்மாவின் காலடி கேட்டது. ஒவ்வொரு படியாக, முட்டியைப் பிடித்துக்கொண்டு. பாதியில் நின்றது. மெழுகு வழிக்கும் சத்தத்தை ஐம்பது வருடமாகக் கேட்டவள் அம்மா, எதுவென்று தெரியாமலிருக்காது. இசுமி தகட்டை நிறுத்தினாள்.

"இசுமி."

"ம்?"

அம்மா சுவரில் வைத்த கையை மாற்றி வைத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்.

"நாளைக்குக் காலைல அரிசி நான் வைக்கிறேன். எவ்வளவு போடணும்?"

"பதினாலு பேரும்மா. அந்தப் பெரிய பானை."

"சரி."

காலடிகள் திரும்பி மேலே ஏறின. ஒரு படி, நிதானித்து, இன்னொரு படி. அவை மேலே போய்ச் சேரும்வரை இசுமி காத்திருந்தாள். பிறகு பலகையின் அடுத்த பாதியை வழிக்கத் தொடங்கினாள்.